சுருட்டும் சுங்கானும்

ஆங்கில மொழியிற் குடிபுகுந்த தமிழ்ச் சொற்களைப் பற்றிப் பேசுவோர் கட்டுமரத்தையும் மிளகுதண்ணீரையும் எடுத்துக்காட்டி அவ்வளவில் அமைவர். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க பிறிதொரு சொல்லும் உண்டு. ஆங்கில அகராதிகளில் ‘செரூட்’ என இடம்பெற்றிருப்பது நமது சுருட்டேயன்றிப் பிறிதன்று. போர்த்துக்கேயர் அதனைச் ‘சருத்தோ’ என்றனர். இன்றும் அவர்கள் மொழியிற் சுருட்டுக்கு அதுவே பெயர். சுருட்டப்படுவது சுருட்டு என்னும் எளிய தொழிற்பெயர், கடலோடிகளின் வாயிலேறி உலகத்தின் மறுகோடி வரை சென்றமை வியப்புக்குரியது. பர்மிய நங்கையின் வாயில் ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் வைத்த சுருட்டுக்கும் இத்தமிழ்ப் பெயரே வாய்த்தது.

இச்சொல்லின் பழைய வரலாற்றைத் தேடுவோர்க்குத் தோமஸ் பௌரி என்னும் ஆங்கிலக் கடல்வணிகர் துணைசெய்வர். 1670களில் வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளிற் திரிந்த இவர், சோழமண்டலக் கரையில் வாழ்ந்த ஏழை எளியவர்கள் புகையிலையைச் சுருட்டி, ஒரு முனையிற் தீமூட்டி, மறுமுனையை உதட்டில் வைத்துப் புகைப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அது மிகவும் தாழ்ந்த முறையென்பது அவர் கருத்து. ஆயினும் அதுவே புகைத்தலின் ஆதிமுறையாதல் கூடுமெனவும் அவர் ஊகித்தார். அவருடைய ஊகம் பெரிதும் சரியானது. ஆனால் அந்த ஆதிமுறையின் பிறப்பிடம் சோழமண்டலக் கரையன்று. பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள கூபாத் தீவும் அதனைச் சூழ்ந்த நாடுகளுமேயாம்.

1492ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் கொலம்பசு கரையிறங்கியபோது அத்தீவு மக்கள் அவருக்குக் கனிகளோடு சில உலர்ந்த இலைகளையும் காணிக்கையாக அளித்தனர். அவற்றின் பயனை அறியாத அவருக்கு அவை சருகாகவே தோன்றின. சில கிழமைகளின் பின், கூபாவின் உட்பகுதிக்கு அவர் அனுப்பிய இருவர், அங்குள்ள ஆடவரும் பெண்டிரும் இலைச்சுருளிற் தீயிட்டுப் புகையை உள்ளிழுப்பதைக் கண்டு வந்து கூறினர். அவ்விருவருள் ஒருவரான உரொட்ரிகோ த செரெசு தாமும் அப்பழக்கத்தை மேற்கொண்டாரென்றும், ஊர் திரும்பியபின் வாயிலும் மூக்கிலும் புகை வரக்கண்ட அயலவர் பேயென்று அஞ்சிச் சமய நீதிமன்றத்தில் ஒப்புவித்தனரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவர் சிறை மீண்டபோது ஊரார் யாவரும் புகைத்துக்கொண்டிருந்தனர் என்று கதையை முடிப்பர். கதை எவ்வாறாயினும், புகையிலை ஐரோப்பாவை வென்ற விரைவை அது நன்கு காட்டுகின்றது.

1560ஆம் ஆண்டளவில் இலிசுபனில் பிரெஞ்சுத் தூதுவராயிருந்த ஜோன் நிக்கோ புகையிலையை மருந்தாகத் தம் அரசவைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரே பின்னர் அச்செடியின் தாவரவியற் பெயராயிற்று. அதிலுள்ள நஞ்சுக்கு ‘நிக்கொற்றின்’ என்னும் பெயரும் அவ்வழி வந்ததே. தலைவலிக்கு மருந்தென்று கொண்டுவந்தவரின் பெயர் ஒரு நஞ்சிற்கு நிலைத்துவிட்டது. அரசர்கள் இதனை எளிதில் ஏற்றுக்கொண்டாரல்லர். இங்கிலாந்து மன்னன் முதலாம் யேம்சு 1604இற் புகையிலையைக் கண்டித்துத் தானே ஒரு நூல் எழுதியதோடு, இறாத்தலொன்றுக்கு 2 பென்சாயிருந்த தீர்வையை 6 சிலிங் 10 பென்சாக, அஃதாவது நாற்பத்தொரு மடங்காக உயர்த்தினான். துருக்கியச் சுல்தான் நான்காம் முராத் 1633இற் புகைப்போருக்கு மரணதண்டனை விதித்தான். பாரத நாட்டில் அக்பரின் அவைக்கு விசயபுரத்திலிருந்து புகையிலையும் மணி பதித்த புகைக்குழாயும் 1604ஆம் ஆண்டளவில் வந்துசேர்ந்தன. அவர் மைந்தன் சகாங்கீர் 1617இல் அதனைத் தடைசெய்தான். இத்தடைகளுள் ஒன்றேனும் நெடுங்காலம் நிற்கவில்லை. விலக்கமுடியாததை வரிக்குட்படுத்துவதே மேலென அரசுகள் விரைவிற் கற்றுக்கொண்டன. யேம்சு மன்னனே தான் வெறுத்த இலையின் வருவாயைப் பின்னர் வெறுத்தானல்லன்.

நம்மவர் இந்த அந்நியச் செடியை எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பது சுவையான செய்தி. சங்க நூல்களிலோ கம்பன் காவியத்திலோ புகையிலை இல்லை, இருத்தற்கும் இயலாது. பழம்பெயர் இல்லாமையால் புகைக்கும் இலையென்று காரணப்பெயர் இட்டனர். சிங்கள மக்களும் ‘தும்கொள’ என அதே பொருள்பட, புகை என்பதையும் இலை என்பதையும் சேர்த்தே பெயரிட்டனர். இவ்விரு மொழியாரும் ஒருவரைப் பார்த்து மற்றவர் பெயரிட்டனரோ, பொருளே இருசாராரையும் ஒருவழிப்படுத்தியதோ, மொழிநூலார் ஆராய்வாராக.

பெயரிட்டதோடு நில்லாது புராணமும் படைத்தனர். சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய ‘புகையிலை விடு தூது’ பழனி முருகனிடத்துப் புகையிலையைத் தூதனுப்பும் நூல்; டாக்டர் உ. வே. சாமிநாதையரால் அச்சேறியது. அதனோடு தொடர்புடைய கதை இது: மும்மூர்த்திகளும் ஒரு வழக்கின் பொருட்டுத் தேவர் சபைக்குச் சென்றபோது, சபையோர் அவர்களிடம் வில்வம், துளசி, புகையிலை ஆகிய இலைகளைக் கொடுத்து மறுநாட் கொண்டுவருமாறு பணித்தனராம். சிவபிரானின் வில்வத்தைக் கங்கை அடித்துச்சென்றது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. பிரமன் தன் இலையை நாமகளிடம் ஒப்புவித்தமையால் அது போகவில்லை. மறுநாள் மற்றை இருவரும் தத்தம் இலை போயிற்று என்று கூற, பிரமன் எனது ‘போகையிலை’ என்றானாம். அமெரிக்காவிலிருந்து பறங்கியர் கப்பலில் வந்த செடிக்கு இவ்வளவு விரைவில் ஒரு பிரமபத்திரப் பட்டமும் நாமகள் காவலும் கிடைத்தமையை எண்ணுந்தோறும் நகைப்பு வருகின்றது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வட அமெரிக்கப் பழங்குடியினர் மின்னசோட்டாவிலுள்ள செங்கற்பாறையிற் குடைந்த சுங்கானிற் புகையிலையிட்டு, புகையைத் தெய்வத்துக்கு அனுப்பியபின்னரே உடன்படிக்கை செய்வர். நமது கிராமங்களில் முனியப்பருக்கும் காத்தவராயருக்கும் சுருட்டுப் படைத்தல் இருந்தது; சைவ ஒழுக்கம் பேணியோர் கண்டித்தும் பல இடங்களில் இன்னும் இருக்கின்றது. ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தார்க்கும் புகை மேல்நோக்கிச் செல்வது ஒரே கருத்தைத் தந்திருக்கின்றது.

இனிச் சுங்கானைச் சிறிது நோக்குவாம். ஆங்கிலேயர் வட அமெரிக்கரிடமிருந்து புகைத்தலைக் கற்றமையால் அவர்கள் கைக்கொண்டது சுங்கான். இசுப்பானியர் கூபாவிற் கற்றமையாற் சுருட்டு. ஐரோப்பா நெடுங்காலம் இவ்வாறே இருகூறாகப் புகைத்தது. தொடக்கத்தில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் வெண்களிமண்ணாற் சுங்கான் செய்தனர். ஒல்லாந்தின் கௌடா நகரம் இத்தொழிலாற் பெயர்பெற்றது. களிமண் சுங்கான் எளிதில் உடையும்; உடைந்ததை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவர். எறியப்பட்ட துண்டுகள் மண்ணில் அழியாமற் கிடந்து பிற்காலத்துப் புதைபொருளாய்வாளர்க்குப் பெரும் பயன் தந்தன. 1600ஆம் ஆண்டையடுத்துத் தண்டின் துளை அங்குலத்தை 64 கூறிட்டதில் ஏறத்தாழ 9 கூறு அகலமாயிருந்தது. தண்டு நீண்டு வர, 1800ஆம் ஆண்டை அணுகும்போது அது 4 கூறாகச் சுருங்கியது. இம்முறையை அமெரிக்க ஆய்வாளர் காரிங்டன் 1954இல் வெளியிட்டபின், துளையை அளந்தே குடியிருப்பின் காலத்தைக் கணிக்கலாயினர். நாணயமும் கல்வெட்டும் பேசாத இடத்தில், ஒரு கூலியாள் உடைத்தெறிந்த சுங்கான் பேசுகின்றது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரெஞ்சு நாட்டின் சான் குளோத் என்னும் மலையூரிலுள்ள மரக்கடைச்சற்காரர், மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் ஒருவகைப் புதரின் வேர்க்கட்டியிற் சுங்கான் கடையத் தொடங்கினர். அம்மரம் எளிதிற் தீப்பற்றாது, கைக்குச் சூடேறாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சுங்கான் ஒருவனுடைய சொந்தப் பொருளாகவும் வாழ்நாட் துணையாகவும் மாறியது அதன் பின்னரே. சுங்கானை நிரப்பல், அழுத்தல், மூட்டல், அணைந்துபோயின் மீண்டும் மூட்டல், ஆறவிடல், சுரண்டல் என அதிற் செய்யும் வேலை புகைத்தலினும் பெரிது. பேராசிரியர்களும் துப்பறிவோரும் அதனை விரும்பியது இதனாற்போலும். வினாவுக்கு விடை கூறுமுன் ஒரு நிமிடம் சிந்திப்பதற்கு இதனினும் நாகரிகமான சாட்டு இல்லை. பிரித்தானியப் பிரதமராயிருந்த கரல்ட் வில்சன் பொதுமக்கள் முன் எளிய சுங்கானுடன் தோன்றி, தனிமையிற் சுருட்டுப் பிடித்தார். சுருட்டுச் செல்வரின் அடையாளம் என்று அந்நாட்டார் கருதியமையே அதற்குக் காரணம். பௌரி கண்ட ஏழைகளின் சுருளிலை முந்நூறு ஆண்டுகளிற் பிரதமர் ஒளித்துவைத்துப் புகைக்கும் பொருளாயிற்று.

சுருட்டின் சுவையைப் பற்றிப் புகையாதவன் எழுதுதல் சற்றே துணிகரமானது. எனினும் புகைப்போரை அருகிருந்து நெடுநாள் நோக்கியவன் என்னும் உரிமை எனக்குண்டு. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் வைத்துச் சுவைத்து விடுவர். அதன் காரம் அவ்வாறு இழுக்க இடங்கொடாது. நல்ல சுருட்டு ஒரே சீராக எரியும். சாம்பல் உதிராது ஓரங்குலம் நிற்கும். திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் கருமையானது. கொனன் டொயில் 1887இல் வெளியிட்ட முதற் கதையிலேயே சேர்லொக் கோம்சு அச்சாம்பலைக் கொண்டு கொலைஞனைப் பற்றி ஒரு துப்பறிகின்றான். உறையூர் மக்கள் சுருட்டிய இலை இலண்டன் நகரக் கதையொன்றிற் சாட்சியாய் வந்தது தமிழர்க்குப் பெருமையா என்பதை வாசகர் முடிவுக்கே விடுகின்றேன்.

இனி, கூபாவின் சுருட்டாலைகளில் நிகழ்ந்த ஒன்றை விரித்துக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. சுருட்டுச் சுற்றுதல் கைக்கும் கண்ணுக்கும் வேலை தந்து, காதையும் மனத்தையும் வெறிதே விடுவது. இயந்திர ஓசையும் இல்லை. 1865இல் அவானா நகரிலுள்ள சுருட்டாலையொன்றிற் தொழிலாளர் தமக்குள் ஒருவரை வாசகராக ஏற்படுத்தினர். அவர் உயர்ந்த மேடையிலிருந்து உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே சுருட்டினர். அவருடைய கூலியைத் தொழிலாளரே தத்தம் ஊதியத்திலிருந்து கொடுத்தனர். காலையிற் பத்திரிகை, பின்னர் வரலாறு, நாவல் என வாசிப்பு வளர்ந்தது. எழுத்தறியாத தொழிலாளி பிரெஞ்சு நாவலாசிரியர்களை நன்கறிந்தவனானான். ‘மொந்தெகிறித்தோ’ என்னும் புகழ்பெற்ற சுருட்டுக்கு அப்பெயர் வந்தது தூமாவின் நாவலாலேயே. ஆள்வோர்க்கு இது உவப்பாயில்லை. அடுத்த ஆண்டே, 1866இல், இசுப்பானிய ஆளுநர் வாசிப்பைத் தடைசெய்தார். தடை நிலைக்கவில்லை. கூபாவின் விடுதலைக்காக ஒசே மார்த்தி பொருளும் ஆளும் திரட்டியபோது, அமெரிக்கத் தம்பா நகரிற் குடியேறியிருந்த சுருட்டுத் தொழிலாளரே முன்வந்தனர். அந்நகரில் 1931இல் முதலாளிமார் வாசகரை அகற்றி அவ்விடத்தில் வானொலியை வைத்தனர். கூபாவில் அவ்வழக்கம் இன்றும் அழியவில்லை.

இதனை நான் முதன்முதல் நூலொன்றிற் படித்தபோது அது எனக்குப் புதுமையாய்த் தோன்றவில்லை. யான் பத்து வயதிற் செய்த வேலை அதுவே.

அதனைக் கூறுமுன் நமது மண்ணின் புகையிலையைப் பற்றிச் சில கூறவேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மிளகாயும் மரவள்ளியும் புகையிலையும் தோட்டக்காரனின் வாழ்வாயின. இம்மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதை நம் தோட்டக்காரர்க்குச் சொன்னால் நம்பார். மாரி ஓயத் தொடங்கும் காலத்தில் நாற்று நடுவர். அதற்குமுன் நிலத்திற் பட்டி அடைத்தும் குழை தாழ்த்தும் பசளையிடுவர். விடியுமுன் துலா மிதித்து நீர் இறைப்பர். நுனி கிள்ளி, பக்கக் கன்று முறித்து, இலைகளைத் தடிக்கச் செய்வர். அறுத்த இலையைக் குடிலிற் தூக்கிப் பொச்சுமட்டையைப் புகையவிட்டு உணர்த்துவர். ஒரு செடிக்கு இவ்வளவு பணிவிடை செய்யும் உழவன் வேறெங்கும் அரிது. நெல்லுக்கு வானத்தை நம்பினோம். புகையிலைக்குக் கிணற்றையும் தோளையும் நம்பினோம்.

இப்புகையிலையின் பழைய சந்தை மலையாள நாடு. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஆண்ட காலத்திலேயே சிப்பஞ் சிப்பமாகத் தோணிகளில் அது திருவிதாங்கூருக்குச் சென்றது. வெற்றிலையோடு மெல்லுவதற்கு யாழ்ப்பாண இலையின் காரம் அந்நாட்டார்க்கு மிகவும் பிடித்திருந்தது. திருவிதாங்கூர் அரசு புகையிலை விற்பனையைத் தன் தனியுரிமையாக்கி அதிற் பெருவருவாய் கண்டது. 1860களிற் திவான் மாதவராவ் காலத்திலேயே அத்தனியுரிமை நீங்கித் தீர்வை முறை வந்தது. இலங்கையில் ஆங்கில ஆட்சியாரும் தொடக்கத்தில் இவ்வாணிகத்தின் மேற் தம் கையை வைத்தனர். இரு கரையிலும் இரு அரசுகள் இருந்து இறைஞ்சாமற் பறித்தபோதும் எஞ்சிய பணத்தில் நம்மூர்களிற் கல்வீடுகளும் கோயில்களும் எழுந்தன. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்துச் சைவக் கல்விக்கூடங்களின் நன்கொடைப் பட்டியல்களைப் புரட்டுவோர் வழக்கறிஞர் பெயரையும் உத்தியோகத்தர் பெயரையும் காண்பர். தம் பெயர் எழுதாத தோட்டக்காரரின் புகையிலைக் காசும் அவற்றுள் உண்டு என்பது என் துணிபு.

1930களில் மலையாள வாணிகம் தளர்ந்தபோது விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அதனைக் காக்க முயன்றனர். இந்தியா 1947இற் சுதந்திரம் பெற்றபின் தீர்வைகள் ஏற, அவ்வழி மெல்ல அடைந்தது. ஆனால் அதற்கு முன்னரே தெற்கில் ஒரு வழி திறந்திருந்தது. அதுவே சுருட்டு. கொக்குவில், கோண்டாவில், தாவடி, இணுவில் ஆகிய ஊர்களில் ஒழுங்கைக்கு ஒரு கொட்டில் என்னும்படி சுருட்டுக் கொட்டில்கள் பெருகின. அங்கே சுற்றிய சுருட்டு, கொழும்பு, கண்டி, காலி, மாத்தறை, பதுளை என நாடெங்கும் சென்றது. சிங்கள மக்கள் அதனைச் ‘சுருட்டு’ என நம் சொல்லாலேயே அழைத்தனர்.

எங்கள் ஊர்க் கொட்டில் கிடுகால் வேய்ந்த நீண்ட பந்தல். பத்துப் பன்னிரண்டு பேர் இருபுறமும் சப்பணமிட்டிருப்பர்; ஒவ்வொருவர் முன்னும் ஒரு பலகை. காம்பை அவித்தெடுத்த கோடாவிலே பதப்பட்ட இலையின் நடுநரம்பைக் கிழித்து நீக்கி, சிறிய இலைகளை உள்ளே கூட்டி, பெரிய இலையை மேலே சுற்றி, நூலாற் கட்டி, அளவாக வெட்டி அடுக்குவர். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது. ஆதலாற் கை நிற்காது. 1960ஆம் ஆண்டளவிற் பள்ளி விடுமுறை தோறும் நான் அங்கே பத்திரிகை வாசிப்பேன். முதலில் ‘வீரகேசரி’, அது முடிந்தபின் ‘ஈழநாடு’. பிற்பகலில் யாரேனும் கட்டிவைத்த கல்கியின் தொடர்கதை. நான் வாசித்த நேரத்துக்குச் சரியாக ஆளுக்குச் சில சுருட்டுகள் ஒதுக்கி, அவற்றின் கூலியை என் பேரனாரிடம் கொடுப்பர். கூபாவில் ஊதியத்திலிருந்து கொடுத்தனர் எனப் படித்தபோது எனக்கு வியப்புண்டாகாமைக்குக் காரணம் இதுவே. இரு நாட்டாருக்குமிடையே கடிதப் போக்குவரத்தேதும் இருந்ததில்லை. கை வேலையில் இருக்கக் காது பசித்திருந்தமையே இரண்டிடத்தும் காரணம்.

ஒருநாள் வில்லிபாரதத்திலிருந்து ஒரு செய்யுளை வாசித்தேன். சீர் பிரியாமற் தடுமாறினேன். மூலையிலிருந்த ஒரு முதியவர், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அச்செய்யுளை முழுதும் பிழையறச் சொல்லி, “இப்பிடிப் பிரிச்சு வாசி, தம்பி” என்றார். அவருக்குக் கையெழுத்திடத் தெரியாது. சம்பளப் புத்தகத்திற் பெருவிரலையே பதிப்பார். கோயிலிற் புராண படனம் கேட்டே அவ்வளவும் மனத்தில் வைத்திருந்தார். பின்னாளில் நான் தமிழ் கற்பித்த வகுப்புகளில் யாப்புப் பிரித்துக் காட்டும்போதெல்லாம் அக்குரலே என் காதில் ஒலித்தது. ஆயினும் அவர் பிள்ளைகள் மூவரும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு அதே பலகைக்கு வந்தவர்கள் என்பதை மறைத்தல் முறையன்று. சுருட்டுக் கொட்டிலைப் பாடசாலையாகப் புகழ்வோர், அது பாடசாலையிலிருந்து பறித்த சிறுவரையும் எண்ணவேண்டும்.

தெற்கிற் சுருட்டுக் கடை வைத்திருந்த நம்மவர் வாழ்வு வேறொரு வரலாறு. மனைவி மக்களை ஊரில் விட்டு, கடையின் பின்னறையிற் படுத்து, சித்திரைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் மட்டும் புகையிரதமேறி வருவர். அவர்கள் அயலாரோடு சிங்களம் சரளமாகப் பேசினர். கடனுக்குச் சாமான் கொடுத்தனர். மரண வீட்டுக்குச் சுருட்டுக் கட்டு அனுப்பினர். 1958இல் அக்கடைகள் சில எரிந்தன. திரும்பிச் சென்று மீண்டும் திறந்தனர். 1977இலும் அவ்வாறே. 1983 யூலையின் பின் பெரும்பாலார் திரும்பவில்லை. என் ஊரவர் ஒருவரைக் கடையின் மேற்கூரையில் ஒளித்துவைத்து மூன்று நாள் உணவளித்துக் காப்பாற்றியவர், எதிர்க்கடையிற் தேநீர் விற்ற சிங்களவர். அவர் பல ஆண்டு தினமும் காலையிற் சுருட்டு வாங்கிப் புகைத்தவர். 1990இன் பின் வீதி அடைபட, சுருட்டுக்குச் சந்தையும் அடைபட்டது. அதற்குமுன்னரே இளைஞர் சிகரெட்டுக்கும் பீடிக்கும் மாறியிருந்தமையால், சமாதானம் வந்தபின்னும் அத்தொழில் பழைய நிலைக்கு மீளவில்லை.

இனி வைத்தியர் கூற்று. 1795இலேயே சோமரிங் என்னும் ஜேர்மானிய வைத்தியர், சுங்கான் பிடிப்போர்க்கு உதட்டிற் புற்று உண்டாவதைக் குறித்துள்ளார். 1950இல் இங்கிலாந்தில் டொல், கில் என்னும் இருவரின் ஆராய்ச்சியும், 1962இல் இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியின் அறிக்கையும், 1964இல் அமெரிக்க அரசின் அறிக்கையும் சிகரெட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஐயமற நிறுவின. சுருட்டும் சுங்கானும் பிடிப்போர்க்கு அவ்வபாயம் குறைவெனக் கண்டபோது பலர் மகிழ்ந்தனர்; வாய், உதடு, தொண்டை ஆகியவற்றின் புற்று அவர்களை விடவில்லை என்பதை அம்மகிழ்ச்சியில் மறந்தனர். உளநூலறிஞர் புரொயிட் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 சுருட்டுப் புகைத்தவர். 1923இல் அவர் வாயிற் புற்றுக் காணப்பட்டது. முப்பதுக்கு மேற்பட்ட சத்திர சிகிச்சைகளின் பின் 1939இல் இறந்தார். பிறர் மனத்தின் மறைவிடங்களையெல்லாம் துருவிய அவர், தம் சுருட்டை இறுதிவரை விட்டாரல்லர். ஆந்திரக் கடற்கரையிற் பெண்கள் சிலர் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பர். அவர்களுக்கு அண்ணத்திற் புற்று மிகுதி. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம் நாட்டிலும் கேரளத்திலும் வாய்ப்புற்று மிகுந்திருப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. இலங்கையில் 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுவுக்குமென ஓர் அதிகாரசபையை நிறுவியது. விளம்பரமும், 21 வயதுக்குட்பட்டோர்க்கு விற்றலும் தடைப்பட்டன.

என் பேரனார் புகையிலை நட்டார், உணர்த்தினார், கொட்டிலுக்கு விற்றார், மீதியைத் தாமே சுருட்டிப் புகைத்தார். மாலையிற் தோட்டத்து வரம்பிலிருந்து அவர் புகைக்கும்போது அணுகிப் பேசுவோர் இல்லை. அது அவர் நாளின் ஒரே ஓய்வு. 1967இல் அவர் நாவின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று தோன்றிற்று. நான் அப்போது உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். நூலில் அறிந்ததைக் கொண்டு, “அப்பு, சுருட்டை விடுங்கோவன்” என்றேன். அவர் நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர், “விடுறதெண்டால் முதல் தோட்டத்தை விடவேணும். தோட்டத்தை விட்டால் உன்ரை பள்ளிக்கூடக் காசுக்கு என்ன செய்யிறது?” என்றார். அடுத்த ஆண்டு வைகாசியில் அவர் இறந்தார். மரண வீட்டிற்கு வந்தோர்க்கு வழக்கப்படி தட்டத்தில் வெற்றிலையும் சுருட்டும் வைத்தோம். அவை அவர் தோட்டத்துப் புகையிலையிற் சுற்றியவை. வேறு வைக்க எங்கள் ஊரில் எவரும் எண்ணியிலர், நானும் எண்ணவில்லை.

அக்கொட்டில் இருந்த இடத்தில் இப்போது துவிச்சக்கரவண்டி திருத்தும் கடையொன்று இருக்கின்றது. அங்கே சுருட்டியவர்களுள் ஒருவர் இன்னும் உளர். வயது எண்பதைக் கடந்தவர். சென்ற தைப்பொங்கலன்று அவரைக் கண்டு, இக்கட்டுரை எழுதும் எண்ணத்தைக் கூறினேன். இலை இல்லாமையால் அன்றைய பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, முழந்தாளிற் பலகையை வைத்து, எனக்குச் சுருட்டிக் காட்டினார். நூல் தேவைப்படாமலே அது பிரியாது நின்றது. பின்னர் அதனை விரித்து, மூக்குக்கண்ணாடி இல்லை என்று சொல்லி என்னிடம் தந்து, “அதிலை என்ன போட்டிருக்கு, வாசி பாப்பம்” என்றார்.